அஞ்சு கிராம் வில்லன்!

ஒரு சின்னக் கேள்வி. லேபிளைப் பார்க்காம நீங்க கடைசியா வாங்கின பொருள் எது? வெண்டைக்காய்னு சொல்லாதீங்க. அதையே எங்க அம்மா நுனியை ஒடிச்சுப் பார்த்துட்டுத்தான் கூடையில போடுவாங்க. செல்போன்னா மெகாபிக்ஸல், பைக்குன்னா சி.சி., காலேஜ்னா கட்-ஆஃப்... எல்லாத்துக்கும் ஒரு நம்பர் இருக்கு. அந்த நம்பரைப் பார்த்ததும் நமக்கு மூளை லாக் ஆயிடுது.

எனக்கு லாக் ஆன நம்பர், 115. கிராம். ஒரு ஸ்குவாஷ் ராக்கெட்டோட எடை. (ராக்கெட்னதும் ஸ்ரீஹரிகோட்டா பக்கம் பார்க்காதீங்க. இது கையில பிடிக்கிற மட்டை!)

ஃப்ளாஷ்பேக். 2025 டிசம்பர் 14, சென்னை எக்ஸ்பிரஸ் அவென்யூ மால். ஷாப்பிங் பண்ண வந்தவங்க பாதிப் பேர் ஷாப்பிங்கை மறந்துட்டு நிக்கிறாங்க. நடுவுல கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு கோர்ட். உலகக் கோப்பை ஸ்குவாஷ் ஃபைனல். ஹாங்காங்கை 3-0னு நம்மாளுங்க சுருட்டி வெச்சாங்க. இந்தியாவுக்கு இதுதான் முதல் ஸ்குவாஷ் உலகக் கோப்பை. 2000-ல தேசிய சாம்பியன் பட்டம் வாங்க ஆரம்பிச்ச ஜோஷ்னா சின்னப்பா அன்னிக்கும் ஆடினாங்க, வயசு 39. அபய் சிங் ஆடினார். கடைசி மேட்ச் ஆடின அனாஹத் சிங்குக்கு வயசு 17. பதினேழு! எனக்கு இருபது. மூணாவது வருஷம் மெக்கானிக்கல், கையில ரெண்டு அரியர். சாதனைன்னு சொல்லிக்க வேற எதுவும் இல்லை.

எங்க காலேஜ்ல ஒரு ஸ்குவாஷ் கோர்ட் உண்டு. முதல் வருஷம் மழைக்கு ஒதுங்கப்போய் உள்ளே எட்டிப் பார்த்தவ நான். அப்படியே ஒட்டிக்கிட்டேன். ரெண்டு வருஷமா கடன் வாங்கின ராக்கெட்ல ஆடிட்டிருந்தேன். ஃபைனல் பார்த்துட்டு ஹாஸ்டலுக்குத் திரும்பினதும் வீட்டுக்கு போன் போட்டேன். "அப்பா, சொந்தமா ஒரு ராக்கெட் வேணும்."

எங்க ஊர் மரக்காணம். ஈ.சி.ஆர்.ல சென்னையிலிருந்து பாண்டிச்சேரி போற பஸ்ல ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தா நீங்க பார்த்திருப்பீங்க. ரோட்டோரமா கண்ணாடித் துண்டு துண்டா பளபளன்னு தண்ணிப் பாத்தி, பக்கத்துல வெள்ளை வெள்ளையா குவியல். உப்பளம். அப்பா அங்கேதான் உப்பு வார்றார். வடகிழக்குப் பருவமழை வந்தா பாத்தி முழுக்க மழைத்தண்ணி, வேலை கிடையாது. அந்த மாசங்களுக்காக அரசாங்கம் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக்கால நிவாரணம்னு 5,000 ரூபாய் தருது. அந்தப் பணம் வீட்ல இருந்துச்சு. அப்பா ஒரு நிமிஷம் பேசலை. அப்புறம், "சரி பாப்பா, வாங்கிக்கோ"ன்னார். அம்மா பின்னாடியிருந்து ஏதோ சொன்னாங்க. என்ன சொன்னாங்கன்னு அப்பா எனக்குச் சொல்லலை.

இப்போ புரியுதா, அந்த ராக்கெட் எனக்கு எவ்வளவு கனம்னு?

கடையில ஒரு சுவர் முழுக்க ராக்கெட். "இது 115 கிராம்மா... பறக்கும்"னு சொன்னார் கடைக்காரர். பக்கத்துல 130, 135, 140 எல்லாம் தொங்குது. 115ஐ எடுத்துக் கையில பிடிச்சேன். இறகு! நாலாயிரத்து எண்ணூறு. ஹாஸ்டலுக்கு வந்ததும் முதல் வேலையா, ஃப்ரேம் சுவர்ல உரசிக் கீறல் விழுந்துடக் கூடாதேன்னு தலைப்பக்கம் தடியா டேப் சுத்தினேன். ஒரு சுத்து இல்லை, மூணு சுத்து. நிவாரணப் பணமாச்சே!

மூணே வாரம். வாலி எல்லாம் லேட். பந்து என்னைத் தாண்டிப் போன பிறகு ராக்கெட் வருது. மணிக்கட்டுல வலி வேற. கேப்டன் அக்காகிட்ட, "அக்கா, ராக்கெட் சரியில்லை"ன்னேன். அவங்க ஃபைனல் இயர், ஆடினா புலி, பேசினாலும் புலி. "ஆடத் தெரியாதவளுக்குக் கோர்ட் கோணலா? இதோ என் பழைய ராக்கெட், 135. ரெண்டையும் டெஸ்ட் பண்ணி நம்பரோட வா. நீதான் இன்ஜினீயராச்சே!"

டீம் செலக்‌ஷனுக்கு அஞ்சு வாரம் இருந்துச்சு.

ஸ்குவாஷ் தெரியாத புண்ணியவான்களுக்காக ஒரு குட்டி டீட்டெய்ல். நாலு பக்கமும் சுவர். நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர். ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்னு முன் சுவர்ல மாத்தி மாத்தி அடிக்கணும். பந்து 40 மில்லிமீட்டர் விட்டம், 24 கிராம், உள்ளே காலியான ரப்பர். ரெண்டு மஞ்சப் புள்ளி வெச்ச மேட்ச் பந்தைக் குளிர்ந்த நிலையில கீழே போட்டா 'தொப்'புனு படுத்துக்கும். அடிச்சு அடிச்சுச் சூடேத்தினாத்தான் துள்ளும். 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டா 23 டிகிரியில 12 சதவீதம் எழும்பினாலே விதிப்படி போதும். 45 டிகிரியில அதே பந்து 25 சதவீதத்துக்கு மேல எழும்பணும். ராக்கெட்டுக்கும் விதி உண்டு. நீளம் 686 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது, எடை 255 கிராமைத் தாண்டக் கூடாது. இன்னிக்குக் கடையில இருக்கிற கார்பன் ராக்கெட் எல்லாம் அதுல பாதியைச் சுத்தித்தான் இருக்கு. அதாவது, 'எடை குறைவு'ங்கிற பந்தயத்தை எல்லாரும் எப்பவோ ஜெயிச்சாச்சு. இருந்தாலும் கடைக்காரங்க அதையேதான் விக்கிறாங்க.

(இன்னொண்ணு. ஸ்குவாஷ் பந்து கண் குழிக்குள்ள கச்சிதமா உட்காரும் சைஸ். கண்ணாடி போடாம ஆடாதீங்க. அறிவுரை ஓவர்!)

நகைக்கடையில் ராக்கெட்

உப்பு சீசன் ஆரம்பிச்ச ஒரு வெள்ளிக்கிழமை, ரெண்டு ராக்கெட்டையும் பையில போட்டுக்கிட்டு ஊருக்குக் கிளம்பிட்டேன்.

முதல்ல எடை. லேபிள்ல போட்டிருக்கிறது வெறும் ஃப்ரேமோட எடை. ஸ்ட்ரிங், கிரிப் எல்லாம் சேர்த்தா எவ்வளவு? மளிகைக்கடைத் தராசு அஞ்சு கிராமுக்குக் குறைவாக் காட்ட மாட்டேங்குது. கிராம் கணக்குக்கு எங்கே போறது? நகைக்கடை! கடை அண்ணன் என்னையும் பார்க்கிறார், பையிலிருந்து வெளியே வர்ற ராக்கெட்டையும் பார்க்கிறார். "இதெல்லாம் அடகுக்கு எடுக்கிறதில்லைம்மா"ன்னார் பாவமா. விஷயத்தைச் சொன்னதும் அவருக்கே ஆர்வம் தாங்கலை. புதுசு 147 கிராம், பழசு 158 கிராம். லேபிள்ல 20 கிராம் இருந்த வித்தியாசம் தராசுல 11 ஆயிடுச்சு. முதல் அடி.

அடுத்தது பேலன்ஸ். ராக்கெட்டை ஒரு ஸ்கேலோட விளிம்புல படுக்க வெச்சு, எந்த இடத்துல ரெண்டு பக்கமும் சாயாம நிக்குதுன்னு பாருங்க. கைப்பிடியோட அடிமுனையிலிருந்து அந்த இடம் வரைக்கும் அளந்தா அதுதான் பேலன்ஸ் பாயின்ட். பழசு 355 மில்லிமீட்டர். புதுசு 385. அதாவது, புதுசோட எடை தலைப்பக்கம் போய் உட்கார்ந்திருக்கு.

மூணாவதுதான் மெயின் பிக்சர். முதல் வருஷ ஃபிசிக்ஸ் லேப்ல 'காம்பவுண்ட் பெண்டுலம்'னு ஒண்ணு பண்ணினோமே, ஞாபகம் இருக்கா? ரெக்கார்டுல பக்கத்து பெஞ்ச்காரியோட ரீடிங்கைக் காப்பியடிச்சோமே, அதேதான். வீட்டுச் சுவர்ல ஒரு மெல்லிசான ஆணி. ராக்கெட்டைத் தலைகீழா, உச்சி ஃப்ரேமுக்குள்ள ஆணி நுழையிற மாதிரி மாட்டி, லேசா ஆட்டிவிட்டு இருபது ஆட்டத்துக்கு ஸ்டாப்வாட்ச். திண்ணையில பண்ணினேன், கடல் காத்து ஆட்டத்தைக் கெடுத்துடுச்சு. உள் ரூமுக்கு மாறினேன். பழசு 27.2 செகண்ட், புதுசு 26.9. ஒவ்வொண்ணையும் அஞ்சு தடவை எடுத்து சராசரி போட்டேன். இந்த தடவை காப்பியடிக்க ஆள் இல்லை!

நேரம், எடை, ஆணிக்கும் பேலன்ஸ் பாயின்டுக்கும் நடுவுல உள்ள தூரம்... மூணும் கையில இருந்தா, கைப்பிடியைச் சுத்தி அந்த ராக்கெட்டைச் சுழற்றுறது எவ்வளவு கஷ்டம்னு கணக்குப் போட்டுடலாம். புத்தகத்துல இதுக்குப் பேர் மொமென்ட் ஆஃப் இனர்ஷியா, தமிழ்ல நிலைமத் திருப்புத்திறன். ராக்கெட்காரங்க பாஷையில ஸ்விங் வெயிட். கை பிடிக்கிற இடத்தை அடிமுனையிலிருந்து 8 சென்டிமீட்டர்னு வெச்சுக்கிட்டு, பேரலல் ஆக்ஸிஸ் தியரத்தை ரெண்டு தடவை போட்டேன். (வீசும்போது ராக்கெட் சுழலும் அச்சும் ஆணியில ஆடும் அச்சும் கொஞ்சம் வேற. வித்தியாசம் சின்னது, புரொஃபசர்கள் மன்னிக்க!)

பழசு: சுமார் 190 கிலோ-சென்டிமீட்டர் ஸ்கொயர். புதுசு: சுமார் 205.

ரெண்டு தடவை திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதேதான். 11 கிராம் குறைவான ராக்கெட், வீசும்போது 8 சதவீதம் கூடுதல் கனம்! எப்படிப் பார்த்தாலும் ஸ்டாப்வாட்ச் தப்பெல்லாம் அஞ்சு யூனிட்டுக்கு மேல போகாது. இது பதினஞ்சு.

சூட்சுமம் ஒரே ஒரு ஸ்கொயர்ல இருக்கு. கையில தூக்கும்போது எடை மட்டும்தான் பேசும். வீசும்போது எடையைத் தூரத்தோட ஸ்கொயரால பெருக்கணும். கைக்குப் பக்கத்துல பத்து சென்டிமீட்டர்ல இருக்கிற ஒரு கிராமும், உச்சியில அறுபது சென்டிமீட்டர்ல இருக்கிற ஒரு கிராமும் தராசுக்கு ஒண்ணுதான். உங்க மணிக்கட்டுக்கு அது முப்பத்தாறு மடங்கு. கடையில நாம ராக்கெட்டைத் தூக்கிப் பார்க்கிறோம், கோர்ட்ல வீசுறோம். தப்பு அங்கேதான் ஆரம்பம்.

"மொனையில குந்திக்கினு..."

சரி, ராக்கெட்தான் மோசம், காசு போச்சுன்னு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில அளத்துக்கு அப்பாவோட போனேன். வெயில் ஏறினா பாத்தியில நிக்க முடியாது. கண்ணே கூசும். அதனால இருட்டோட இறங்கிடுவாங்க. உப்பு வாரும் பலகை பார்த்திருக்கீங்களா? ஆளைவிட நீளமான கம்பு, முனையில குறுக்கா ஒரு மரப்பலகை. தண்ணிக்கடியில படிஞ்ச உப்பை அதால இழுத்து இழுத்து வரப்போரம் சேர்க்கணும். ஒரு பாத்திக்கு எத்தனை இழுப்புன்னு எண்ண ஆரம்பிச்சு நூறுக்கு மேல விட்டுட்டேன்.

ரெஸ்ட்ல அப்பாகிட்ட ரெண்டு ராக்கெட்டையும் கொடுத்தேன். எது புதுசு, எது பழசுன்னு சொல்லலை. கையைக் கழுவிட்டு வாங்கினார். தூக்கிப் பார்க்கலை பாஸ், கவனிங்க. ரெண்டு கையால பிடிச்சு, பலகையை வீசுற மாதிரி முன்னும் பின்னும் ஆட்டினார். மூணே ஆட்டம். புதுசை நீட்டி, "இது மொனையில குந்திக்கினு இழுக்குது பாப்பா"ன்னார். ஆணி, ஸ்டாப்வாட்ச், ரெண்டு தியரம்... எல்லாம் வேஸ்ட்!

அப்புறம் ராக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இது இன்னாத்துக்கு மொனையில சுத்தி வெச்சிருக்க?"

"கீறல் விழாம இருக்கப்பா."

"அளத்துல பலகைக்கு அடியில சேறு ஒட்டிக்கும். ஒரு கைப்பிடி கூட இருக்காது. அதை வழிச்சுப் போடாம நாலு பாத்தி வாரிப் பாரு, ராத்திரி தோள் தூங்க விடாது. காலைல எந்தப் பலகையும் நல்லாத்தான் இருக்கும். பத்து மணிக்கு மேலதான் அதோட கொணம் தெரியும்."

எனக்குப் பொறி தட்டின இடம் அதுதான். டேப்பை உரிச்சு உருண்டையாக்கி, ஓட்டமா நகைக்கடை. "இப்போ என்னம்மா?"ன்னார் அண்ணன். உருண்டையைத் தராசுல வெச்சார்.

அஞ்சு கிராம்.

கணக்குப் போட்டுப் பாருங்க. கையிலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர்ல அஞ்சு கிராம். 18 யூனிட்! 205ல 18 போனா 187. அதாவது அக்காவோட 135 கிராம் ராக்கெட்டும், டேப் உரிச்ச என்னோட 115ம் வீச்சுல கிட்டத்தட்ட ஒண்ணுதான். 20 கிராம் லேபிள் வித்தியாசத்துக்காகக் காசு கொடுத்தேன், அது வெறும் மூணு யூனிட். பத்து ரூபாய் டேப்பால நானே சேர்த்தது பதினெட்டு.

ராக்கெட்டைப் பத்திரமா வெச்சுக்கணும்னு நினைச்சதுதான் ராக்கெட்டைக் கெடுத்திருக்கு.

கண்ணைக் கட்டி கோர்ட்டில் விட்டு...

நம்பரோட அக்கா முன்னாடி போய் நின்னேன். அவங்க நோட்டைப் பார்த்தாங்க, தலையாட்டினாங்க. "சரி, பேப்பர்ல ஜெயிச்சுட்டே. இப்போ டேப் உரிச்சாச்சுன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சுட்டா நல்லா ஆடற மாதிரியே தோணும். மனசு பொய் சொல்லும்."

கரெக்டான பாயின்ட். பிராண்ட், கலர், சாம்பியன் பேர்... இதெல்லாம் கண் வழியா மணிக்கட்டுக்குள்ள இறங்கிடும். அதனால எனக்கே தெரியாம டெஸ்ட். ராக்கெட் உச்சியில மெல்லிசா ஒரு காகித உறை. உள்ளே சில சமயம் அந்த அஞ்சு கிராம் டேப் இருக்கும், சில சமயம் இருக்காது. அக்கா காசைச் சுண்டிப்போட்டு முடிவு பண்ணுவாங்க, நான் திரும்பி நிப்பேன். ராக்கெட்டை வாங்கி ஆடணும், முடிஞ்சதும் டேப் இருக்கா இல்லையான்னு சொல்லணும்.

முதல் நாள் சொதப்பல். உறை மாத்தி மாத்தி வெக்கிற நேரத்துல பந்து ஆறிப்போச்சு. ஆறின பந்து எந்த ராக்கெட்லயும் செத்த பந்துதான். மறுநாள் ரெண்டு பந்து. ஒண்ணு ஆட்டத்துல, இன்னொண்ணை ஜூனியர் ஒருத்தி உள்ளங்கையில வெச்சு உருட்டிக்கிட்டே இருந்தா. ஒவ்வொரு ரவுண்டுக்கும் முன்னாடி பத்து பலமான அடி, அப்புறம்தான் கணக்கு. நீங்க எந்த ராக்கெட்டை டெஸ்ட் பண்ணினாலும் இதை மறந்துடாதீங்க. சூடான பந்துல ஒரு ராக்கெட்டையும் ஆறின பந்துல இன்னொண்ணையும் ஆடிப் பார்த்துட்டு 'பவர் ஜாஸ்தி'ம்பாங்க நம்ம ஆளுங்க.

என்னென்ன பார்த்தோம்? ஒண்ணு, வாலி. கோர்ட் நடுவுல குறுக்கா போகும் கோட்டுல நின்னு, பந்தைக் கீழே விழவிடாம ஒரு நிமிஷத்துல எத்தனை தடவை முன் சுவர்ல அடிக்க முடியுது. டேப் இல்லாதப்போ 47-லிருந்து 51. டேப் இருந்தப்போ 41-லிருந்து 44. எந்த ரவுண்டும் ஒண்ணையொண்ணு தொடவே இல்லை. டேப் இருக்கா இல்லையான்னு நான் ஊகிச்சதுல பத்துக்கு எட்டு சரி. மனசு பொய் சொல்லலை அக்கா!

ஆனா அடுத்த டெஸ்ட்ல என் மூக்கு உடைஞ்சுது. சுவரை ஒட்டி நேரா ஆழமா அடிக்கிற டிரைவ். இருபது அடியில எத்தனை, சர்வீஸ் பாக்ஸைத் தாண்டிப் பின்னாடி விழுதுன்னு எண்ணினோம். டேப் இல்லாம 12. டேப்போட 13. அட! நிதானமா, முழுசா வீச நேரம் கிடைச்சா அந்த அஞ்சு கிராம் தொந்தரவே பண்ணலை. ஒரு வேளை கொஞ்சம் உதவிகூட செஞ்சிருக்கலாம். ஒரு அடி வித்தியாசத்தை வெச்சு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா காரணம் இருக்கு. ஒரே வேகத்துல வீச முடிஞ்சா, ஸ்விங் வெயிட் கூடின ராக்கெட் பந்தை இன்னும் பலமாத் தள்ளும். அதனாலதான் சில பேர் வேணும்னே தலை கனமான ராக்கெட்டைத் தேடிப் போறாங்க. என் வில்லன் இன்னொருத்தருக்கு ஹீரோ. நீங்க முன்னாடி ஏறி நின்னு வாலி அடிக்கிற ஆளா, பின்னாடி நின்னு நீளமா ஆடுற ஆளா... அதைத் தெரிஞ்சுக்காம 'எது பெஸ்ட் ராக்கெட்?'னு கேக்கிறது, அளவு சொல்லாம டெய்லர்கிட்ட சட்டை கேக்கிற மாதிரி.

மூணாவது டெஸ்ட் அப்பாவோடது. பத்து மணி டெஸ்ட்னு பேர் வெச்சோம். நாற்பது நிமிஷம் விடாம மேட்ச் ஆடி, நாக்குத் தள்ளின பிறகு அதே வாலி. டேப் இல்லாம 44. டேப்போட 33. ஃப்ரெஷ்ஷா இருந்தப்போ ஆறேழு அடியா இருந்த வித்தியாசம், களைச்ச பிறகு பதினொண்ணு. கடையில ரெண்டு தடவை காத்துல வீசிப் பார்த்தா இது எப்படித் தெரியும்? ஸ்குவாஷ்ல மேட்ச் முடிவாகிறது அஞ்சாவது கேம்லதான் பாஸ், முதல் கேம்ல இல்லை. கடன் கேக்க வெட்கப்படாதீங்க. யார்கிட்டயாவது வாங்கி ஒரு முழு மேட்ச் ஆடிப் பார்த்துட்டு அப்புறம் பர்ஸைத் திறங்க.

டிராப் ஷாட்டையும் எண்ணிப் பார்த்தோம். டிராப்னா, முன் சுவரோட அடியில இருக்கிற டின்னுக்குக் கொஞ்சம் மேல, செல்லமா தட்டி விடறது. ரெண்டுலயும் ஒரே மாதிரி கேவலம். அதுக்கு ராக்கெட் காரணம் இல்லை.

இன்னொண்ணு தற்செயலாக் கிடைச்சது. அக்காவோட பழைய ராக்கெட்ல அடிச்சா மட்டும் கைக்கு மெத்துன்னு ஒரு சுகம். ஃப்ரேம்தான் உசத்தின்னு நினைச்சேன். "மக்கு, அது ஸ்ட்ரிங். போன மாசம்தான் மாத்தினேன்"னாங்க. கடையிலிருந்து வர்ற ராக்கெட் பலதுலயும் ஸ்ட்ரிங் சுமார் ரகம்தான். ஸ்குவாஷ்ல சாதாரணமா 22-லிருந்து 30 பவுண்டுக்குள்ள இழுத்துக் கட்டுவாங்க. இறுக்கிக் கட்டினா பந்து நீங்க சொன்ன இடத்துக்குப் போகும், தளர்த்தினா தானே துள்ளிப் போகும். அதே ராக்கெட், வேற ஸ்ட்ரிங், வேற ஜாதகம்! ராக்கெட் மாத்தணும்னு தோணும்போதெல்லாம் முதல்ல ஸ்ட்ரிங்கை மாத்திப் பாருங்க. செலவு எவ்வளவோ கம்மி. தலையோட ஷேப்பும் பேசும். கண்ணீர்த்துளி மாதிரி இருக்கிறதுல நடு ஸ்ட்ரிங் கைப்பிடி வரைக்கும் நீளமா ஓடும், துள்ளல் கூடும். கழுத்துல குறுக்குச் சட்டம் வெச்சு மூடினதுல ஸ்ட்ரிங் குட்டை, பிடிமானம் கூடும். எனக்கு இப்போதைக்கு இந்த சந்தேகத்தை எல்லாம் தீர்த்துக்க ரெண்டாவது ராக்கெட்டும் இல்லை, காசும் இல்லை. விட்டுட்டேன்.

கிரிப் மட்டும் மாத்தினேன். மரக்காணம் வெயிலும் கடல் காத்தும் பழகின கைதான், ஆனாலும் வியர்வையில வழுக்குது. மேல ஒரு துணி மாதிரி கிரிப் சுத்தினேன். எட்டு கிராம். பதறாதீங்க! அது கைக்குள்ளேயே இருக்கு. ஸ்கொயரால பெருக்கினாலும் ஒண்ணும் வராது. உச்சியில அஞ்சு கிராம் வில்லன், பிடியில எட்டு கிராம் சாது.

2023 அக்டோபர்ல மும்பையில நடந்த ஒலிம்பிக் கமிட்டி கூட்டத்துல, 2028 லாஸ் ஏஞ்சலீஸ்ல ஸ்குவாஷ் உண்டுன்னு முடிவாச்சு. முதல் தடவை. சென்னை நேரு பார்க்ல இருக்கிற இந்தியன் ஸ்குவாஷ் அகாடமி பக்கம் போனா, ஒரு முழங்கால் உயரம் இருக்கிற வாண்டுகள்கூடப் பையை மாட்டிக்கிட்டு நடக்குதுங்க. இனிமே ராக்கெட் விக்கிற கடையும் கூடும், நம்பரும் கூடும். அந்த வாண்டுகளோட அப்பா அம்மாக்கள் கடையில நிக்கும்போது ஒரு வேளை இந்தப் பக்கம் கைக்குக் கிடைச்சா நல்லது. ஒரு ஆணி, ஒரு ஸ்கேல், பக்கத்துல ஒரு நல்ல மனசுள்ள நகைக்கடை. அது போதும். அதுகூட இல்லைன்னா தூக்காதீங்க, வீசுங்க.

செலக்‌ஷன் என்னாச்சுன்னு கேக்கலையே? அஞ்சு பேர் டீம். நான் நாலாவதா வந்தேன். காகித உறை, டேப் எதுவும் இல்லாம, மொட்டை ராக்கெட். மூணாவது மேட்ச்ல அஞ்சாவது கேம் வரைக்கும் போச்சு. அதுல வாலி ஒண்ணு அடிச்சேன் பாருங்க... சரி, விடுங்க, சுயபுராணம் வேண்டாம்.

அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு போன் பண்ணினேன். விஷயத்தைச் சொன்னதும் அம்மா போனை அப்பாகிட்ட கொடுத்துட்டாங்க.

"மட்டையில கீறல் வுழுந்துச்சா பாப்பா?"

"விழுந்துச்சுப்பா."

"எத்தினி?"

"மூணு. ஒண்ணு பெரிசு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"சரி, ஆடு"ன்னார்.